எடைமேடை மென்பொருள்: இணைப்பு அறுந்த பிறகும் திரையில் பழைய எடை நிற்கிறது

களத்துமேடு · திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு நெல் அரவை மில்லுக்கு எடைமேடை மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சி ஷார்ப், விண்ஃபார்ம்ஸ். எடை இண்டிகேட்டர் மேடைக்குப் பக்கத்துக் கூண்டில் இருக்கிறது. அதன் சீரியல் போர்ட்டிலிருந்து சீரியல் செய்தியை நெட்வொர்க்குக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன கன்வர்ட்டர் பெட்டி, கூண்டிலேயே ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து கேபிள் ஆபீசுக்கு வந்து இன்னொரு ஸ்விட்ச், அப்புறம் கம்ப்யூட்டர். என் நிரல் கன்வர்ட்டரோடு டிசிபி (வலை வழியே கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு முறை) இணைப்பு போட்டுக்கொண்டு, வருகிற எடையைப் பெரிய எழுத்தில் காட்டும். ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினால் எடைச் சீட்டு அச்சாகும்.

போன வியாழக்கிழமை ஒரு லாரி ஏறியது. 18,460 கிலோ. சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டது. அடுத்த லாரி ஏறியது. திரையில் அதே 18,460. ஆபரேட்டர் கவனிக்கவில்லை, சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். டிரைவர்தான் சீட்டைப் பார்த்துவிட்டு, "முன்னாடி போன வண்டியும் என் வண்டியும் ஒரு கிலோ பிசகாம ஒரே எடையா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். மறுபடி எடை போட்டால் 16,920. அந்த மனிதர் வாயைத் திறக்காமல் போயிருந்தால் 1,540 கிலோ இல்லாத நெல்லுக்கு மில்காரர் பணம் கொடுத்திருப்பார்.

போய்ப் பார்த்தேன். கூண்டில் இருக்கும் ஸ்விட்சின் அடாப்டர் பிளக்கில் தளர்ந்து கிடந்தது. சரி, அது நடக்கக்கூடியதுதான். என் கவலை நிரலைப் பற்றியது. வினாடிக்கு ஒரு முறை சாக்கெட்டின் (இணைப்பின் என் பக்க முனை) 'கனெக்டெட்' மதிப்பைப் பார்க்கிறேன், பொய் என்று வந்தால் சிவப்பு விளக்கு காட்டும். அது கடைசிவரை 'உண்மை' என்றே சொல்லியிருக்கிறது. 'கெட் இஸ் நெட்வொர்க் அவெய்லபிள்' என்ற டாட்நெட் வசதியையும் சேர்த்துப் பார்த்தேன், அதுவும் 'உண்மை'. எக்ஸப்ஷன், அதாவது பிழை அறிவிப்பு, எதுவும் வரவில்லை. இணைப்பு அறுந்ததை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

மணிக்கூண்டு · திங்கள், இரவு 9:40

5 வினாடிக்கு ஒரு முறை கன்வர்ட்டரின் ஐபி முகவரிக்கு பிங் ("இருக்கிறாயா" என்று கேட்கும் சிறு செய்தி) அடியுங்கள். பதில் வரவில்லையென்றால் எடையை மறைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், வேலை செய்கிறது.

வடக்குவீதி · திங்கள், இரவு 10:05

விண்டோஸே வலைநிலையைத் தெரிந்து வைத்திருக்கிறதே, கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்னம் மாறுகிறது. நிரலிலிருந்தும் அதைக் கேட்க வழி இருக்கிறது. அது போதாதா?

களத்துமேடு · செவ்வாய், காலை 7:20

மணிக்கூண்டு அண்ணா, நேற்று இரவே பிங் சேர்த்துவிட்டு வீட்டில் வைத்திருக்கும் கன்வர்ட்டரில் பார்த்தேன். ஸ்விட்சை அணைத்தால் பிங் சரியாகக் கண்டுபிடிக்கிறது. ஆனால் கன்வர்ட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உடனே போட்டேன். அது எழுந்து பிங்குக்கு நன்றாகப் பதில் சொல்கிறது. எடை மட்டும் வரவில்லை. பழைய எண் அப்படியே நிற்கிறது. 'கனெக்டெட்' இன்னமும் 'உண்மை'.

ஈயப்பற்று · செவ்வாய், காலை 10:48

தம்பி, இரண்டாவது சோதனையைச் செய்து பார்த்தீர்களே, அதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டிசிபி இணைப்பு என்று ஒரு பொருள் எங்கேயும் கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரின் நினைவில் ஒரு பதிவு, கன்வர்ட்டரின் நினைவில் ஒரு பதிவு, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஸ்விட்சுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கன்வர்ட்டர் அணைந்து எழுந்தபோது அதன் பக்கத்துப் பதிவு அழிந்துவிட்டது. உங்கள் பக்கத்துப் பதிவு அப்படியே இருக்கிறது. "நான் உன்னை மறந்துவிட்டேன்" என்று அது தானாக வந்து சொல்லாது. நீங்கள் ஏதாவது அனுப்பியிருந்தால் "இப்படி ஒரு இணைப்பு என்னிடம் இல்லை" என்று ரீசெட் பாக்கெட் திரும்பி வந்திருக்கும். உங்கள் நிரல் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கிறது, ஒரு பைட்கூட அனுப்புவதில்லை. அதனால் இன்று மட்டுமில்லை, ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் 'உண்மை' என்றேதான் சொல்லும்.

'கனெக்டெட்' பொய் சொல்லவில்லை. கடைசியாக நடந்த அனுப்புதலோ பெறுதலோ முடிந்தபோது நிலைமை எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு.

பேசுகிற பக்கத்துக்கு நிலைமை கொஞ்சம் மேல். அனுப்பியதற்கு ஒப்புகை வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிடும். அதற்கும் நேரம் பிடிக்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் 15 மறுமுயற்சிகள், கூட்டினால் 924 வினாடிக்கு மேல், அதாவது கால் மணி நேரம். கேட்கிற பக்கத்துக்கு அந்தக் கால் மணி நேரமும் கிடையாது.

இணைப்பு மூன்று விதமாக முடியும். எதிர்ப்பக்கம் முறையாக விடைபெற்றால் உங்கள் 'ரீட்' 0 பைட் என்று திரும்பும். எதிர்ப்பக்கம் உதறிவிட்டால் எக்ஸப்ஷன் வரும், விண்டோஸில் 10054 என்ற எண்ணோடு. இந்த இரண்டையும் உங்கள் நிரல் ஏற்கெனவே பிடிக்கிறது என்று நினைக்கிறேன். மூன்றாவது, சத்தமே இல்லாமல் போவது. அடாப்டர் தளர்வது, கேபிளை எலி கடிப்பது, பெட்டி அணைந்து எழுவது எல்லாம் இந்த வகை. இதை எந்தச் சாக்கெட் பண்பும் காட்டாது. கடைசியாக எப்போது கேட்டேன் என்ற நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. எடை இண்டிகேட்டர் சும்மா இருக்காது, மேடை காலியாக இருந்தாலும் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும் வகை என்றால், வினாடிக்குப் பல முறை ஏதாவது வந்தாக வேண்டும். 2 வினாடி ஒன்றுமே வரவில்லையென்றால் எங்கோ அறுந்துவிட்டது. காரணம் தெரியத் தேவையில்லை. உடனே எண்ணை அழித்துவிட்டுக் கோடுகளைக் காட்டுங்கள், அச்சுப் பொத்தானை முடக்குங்கள், சாக்கெட்டை மூடிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

வடக்குவீதி சொன்ன சின்னம் வேறு ஒரு கேள்விக்கான பதில். விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியிலிருந்து 'கனெக்ட் டெஸ்ட்' என்ற சிறு உரைக்கோப்பை எடுத்துப் பார்த்து, இணையம் இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. மில்லில் இணையமே இல்லாவிட்டாலும் எடைமேடை ஓட வேண்டும். இணையம் நன்றாக இருக்கும்போதே கூண்டில் அடாப்டர் கழன்று கிடக்கலாம். 'நெட்வொர்க் அவெய்லபிள்' அதைவிடப் பலவீனம். லூப்பேக், டனல் என்ற மென்பொருள் அட்டைகள் தவிர ஏதாவது ஒரு வலை அட்டை உயிரோடு இருந்தால் 'உண்மை' என்று சொல்லிவிடும். மெய்நிகர் கணினிக்காக நிறுவிய அட்டைகூடக் கணக்கில் வரும்.

பனைநிழல் · செவ்வாய், மதியம் 1:15

0 பைட் அனுப்பிப் பார்த்தால் தெரியும் என்று படித்திருக்கிறேன். 'போல்' செய்து (படிக்க ஏதாவது இருக்கிறதா என்று சாக்கெட்டைக் கேட்டு), படிக்கலாம் என்று வந்து, 'அவெய்லபிள்' 0 ஆக இருந்தால் அறுந்தது என்று இன்னொரு முறையும் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள்.

ஈயப்பற்று · செவ்வாய், மதியம் 1:52

டிசிபியில் 0 பைட் அனுப்பினால் கம்பியில் எதுவுமே போகாது. எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது, நம் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் திருப்பிச் சொல்லும். 'போல்' முறை முறையான விடைபெறுதலைப் பிடிக்கும். சத்தமில்லாத அறுப்பை அதுவும் பிடிக்காது.

நூல்கண்டு · செவ்வாய், மாலை 6:30

கீப்அலைவ் என்று ஒன்று, சும்மா இருக்கும் இணைப்பில் எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று சோதிப்பது, டிசிபியிலேயே இருக்கிறதே, ஏன் யாரும் பேசவில்லை? அதைப் போட்டுவிட்டால் இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். கடிகாரம், டைமர் எல்லாம் எதற்கு?

ஈயப்பற்று · செவ்வாய், இரவு 8:10

போடலாம், நானும் எப்போதும் போடுகிறேன். ஆனால் அதன் இயல்பான அளவுகளைப் பாருங்கள். 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணைய விதி ஆவணம், கீப்அலைவ் தானாக இயங்கக் கூடாது, இயக்கினாலும் முதல் சோதனைக்கு முன் இயல்பாக 2 மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும் என்று வைத்தது. இன்றும் அதே 2 மணி நேரம்தான். லினக்ஸில் அதன் பிறகு 75 வினாடி இடைவெளியில் 9 முறை சோதிக்கும். ஆக 2 மணி 11 நிமிடம் கழித்துத்தான் செய்தி வரும். அதற்குள் மேடையில் எத்தனை லாரி ஏறி இறங்கிவிடும்!

அளவைக் குறைக்கலாம். விண்டோஸில் சாக்கெட்டின் 'ஐஓ கண்ட்ரோல்' வழியாக 12 பைட் கொடுக்க வேண்டும்: இயக்கு, காத்திருக்கும் மில்லிவினாடி, இடைவெளி மில்லிவினாடி. 5000, 1000 என்று கொடுத்தால், அது 10 முறை சோதிக்கும் என்பதால் 15 வினாடி வாக்கில் தெரிந்துவிடும். டாட்நெட் கோர் 3.0 முதல் இதற்கென்றே தனி அமைப்புகள் வந்துவிட்டன.

ஆனால் எடைமேடையில் கீப்அலைவை மட்டும் நம்ப நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இண்டிகேட்டருக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவில் ஒரு சீரியல் கேபிள் இருக்கிறதல்லவா? அது கழன்றால் டிசிபி இணைப்பு முழு ஆரோக்கியத்தோடு இருக்கும். கீப்அலைவுக்குக் கன்வர்ட்டர் தவறாமல் பதில் சொல்லும், பிங்குக்கும் சொல்லும். எடை மட்டும் வராது. திரையில் 18,460 நிற்கும். அந்த டிரைவரைப் போல ஒருவர் ஒவ்வொரு முறையும் வர மாட்டார்.

நூல்கண்டு · செவ்வாய், இரவு 8:31

சீரியல் கேபிளை நான் யோசிக்கவே இல்லை, அக்கா. ஒத்துக்கொள்கிறேன். என் இடத்தில் இருக்கும் இண்டிகேட்டர் கேட்டால்தான் எடை தரும், தானாக அனுப்பாது. அதற்கு?

ஈயப்பற்று · செவ்வாய், இரவு 8:45

அப்படியென்றால் வினாடிக்கு ஒரு முறை நீங்கள் கேளுங்கள். கேள்வி கன்வர்ட்டரைத் தாண்டி இண்டிகேட்டர்வரை போய் பதிலோடு திரும்பி வர வேண்டும், அப்போதுதான் முழு வழியும் சோதிக்கப்படும். இரண்டு கேள்விக்குத் தொடர்ந்து பதில் இல்லையென்றால் அறுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களத்துமேடு · புதன், இரவு 11:02

இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதினேன். பாதி வேலை செய்கிறது. இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டேன்.

முதலாவது, 'ரிசீவ் டைம்அவுட்' 2000 என்று வைத்தேன். அது ஒன்றுமே செய்யவில்லை. நான் 'ரீட் அசிங்க்' (நிரலை நிறுத்தி வைக்காமல் பின்னணியில் படிக்கும் அழைப்பு) பயன்படுத்துகிறேன்.

இரண்டாவது இன்னும் மோசம். அறுந்ததைக் கண்டுபிடித்து சாக்கெட்டை மூடிவிட்டு மறுபடி இணைந்தால், கன்வர்ட்டர் மறுக்கிறது. ஒரு நிமிடம், சில நேரம் அதற்கும் மேல் மறுத்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆபரேட்டர் அதுவரை லாரியை நிறுத்தி வைக்க வேண்டும்.

பழையபாலம் · வியாழன், காலை 6:55

நான் சீரியல் கன்வர்ட்டர்களோடு பல வருடமாகப் போராடியவன் என்பதால் சொல்கிறேன்.

முதல் பிரச்சினை எளிது. அந்த டைம்அவுட் காத்து நிற்கிற சாதாரண 'ரிசீவ்' அழைப்புக்கு மட்டும்தான் பொருந்தும், அசிங்க் அழைப்பு அதைக் கண்டுகொள்ளாது. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் கேன்சலேஷன் டோக்கன் (வேலையை நிறுத்தச் சொல்லும் வசதி) கொடுத்தாலும், தொடங்கிவிட்ட 'ரீட்' நிற்காது. தனியாக ஒரு டைமர் வைத்து, நேரம் கடந்தால் சாக்கெட்டை மூடிவிடுங்கள். காத்திருக்கும் 'ரீட்' எக்ஸப்ஷனோடு வெளியே வரும், அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்த டைமரில் 'டேட்டைம் நவ்' பயன்படுத்தாதீர்கள். விண்டோஸ் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்போது நேரம் முன்னே பின்னே தாவும். 'ஸ்டாப்வாட்ச்' பயன்படுத்துங்கள். இன்னொன்று, ஏதோ ஒரு பைட் வந்ததுமே "கேட்டேன்" என்று குறித்துக்கொள்ள வேண்டாம். டிசிபி வெறும் பைட் ஓட்டம். பாதி எண் ஒரு தடவையும் மீதி அடுத்த தடவையும் வரலாம். ஒரு முழு எடைச் செய்தி, தொடக்கக் குறியிலிருந்து முடிவுக் குறிவரை சரியாக வந்து, எண்ணாகப் படிக்கவும் முடிந்தால் மட்டும் நேரத்தைப் புதுப்பியுங்கள். சீரியல் வேகம் மாறிப்போய் குப்பை எழுத்துகள் கொட்டினாலும் அப்போது பிடிபடும். நான் வைத்திருக்கும் உருவம் இதுதான்:

முழுச் செய்தி வந்தால்: எடை = செய்தியின் எண்; கடிகாரத்தை 0-க்குத் திருப்பு
200 மில்லிவினாடிக்கு ஒரு முறை: கடிகாரம் 2 வினாடியைத் தாண்டியதா? ஆம் எனில் எடையை அழி, பொத்தானை முடக்கு, சாக்கெட்டை மூடு, மறுஇணைப்பைத் தொடங்கு

இரண்டாவது பிரச்சினைக்குக் காரணம் எதிர்ப்பக்கம். அந்த மாதிரிப் பெட்டிகள் பல, ஒரே நேரத்தில் ஒரே ஒரு இணைப்பைத்தான் ஏற்கும். நீங்கள் மூடியபோது வழி அறுந்து கிடந்ததால் உங்கள் விடைபெறுதல் அதற்குப் போய்ச் சேரவில்லை. பழைய இணைப்பு இன்னும் இருக்கிறது என்று அது நம்புகிறது, புதியவரை மறுக்கிறது. அனுப்ப முடியாத எடையை அது திரும்ப அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் இடைவெளி ஏறத்தாழ இரட்டிப்பாகும். அடுத்த முயற்சி உங்கள் கம்ப்யூட்டரை வந்து தொட்டதும் ரீசெட் போகும், அப்போதுதான் அதற்குப் புத்தி தெளியும். நீங்கள் பார்த்த ஒரு நிமிடம் அதுதான்.

கன்வர்ட்டரின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்து பாருங்கள். கீப்அலைவ் நேரம் அல்லது செயலற்ற இணைப்பை மூடும் நேரம் என்று ஏதாவது இருக்கும். கீப்அலைவைச் சில வினாடிக்கு இறக்குங்கள். சில பெட்டிகளில் இரண்டு அல்லது நான்கு இணைப்பை அனுமதிக்கும் அமைப்பும் உண்டு. இருந்தால் அதைப் போடுங்கள், இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

மறுஇணைப்பு முயற்சியை நெருக்கி அடிக்காதீர்கள். 1 வினாடி, 2, 4 என்று போய் 10-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பனைநிழல் · வியாழன், காலை 9:30

சோதிக்கும்போது நான் என் கம்ப்யூட்டரின் கேபிளைத்தான் பிடுங்கிப் பார்ப்பேன். எக்ஸப்ஷன் உடனே வந்துவிடுகிறது. களத்துமேடுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று முதலில் குழம்பினேன்.

பழையபாலம் · வியாழன், காலை 9:47

கம்ப்யூட்டரிலிருந்தே பிடுங்கினால் வலை அட்டையில் ஒளி அணைவதை விண்டோஸ் பார்த்துவிடும். அந்த அட்டையின் ஐபியை எடுத்துவிடும், அதை நம்பியிருந்த சாக்கெட்டுகள் விழும். அது விண்டோஸ் செய்யும் உபகாரம். நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்து அதற்கு அப்பால் அறுந்தால் உங்கள் அட்டை எதையும் உணராது. அதனால் எப்போதும் ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் பிடுங்கிச் சோதியுங்கள். மேசையில் ஓடி, கடையில் ஓடாத நிரல்களில் பாதி இந்தச் சோதனையைத் தவறவிட்டவை என்பது என் அனுபவம். கன்வர்ட்டரை அணைத்துப் போடுவது, சீரியல் கேபிளைக் கழற்றுவது, லேப்டாப்பைத் தூங்கவிட்டு எழுப்புவது, இந்த மூன்றையும் கூடவே செய்யுங்கள்.

வடக்குவீதி · வியாழன், மாலை 5:20

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். என் பில்லிங் மென்பொருள் பில்லை சர்வருக்கு அனுப்புகிறது. 'சென்ட்' வெற்றி என்று திரும்புகிறது, ஆனால் சர்வரில் பில் இல்லை. சில நேரம் தலைகீழ்: பிழை என்று வருகிறது, மறுபடி அனுப்பினால் சர்வரில் இரண்டு பில்.

ஈயப்பற்று · வியாழன், இரவு 7:05

'சென்ட்' வெற்றி என்றால் உங்கள் பைட்டுகள் உங்கள் கம்ப்யூட்டரின் பஃபருக்குள் போய்விட்டன என்று மட்டும்தான் பொருள். சர்வர் நிரல் அதை டேட்டாபேஸில் எழுதிவிட்டு "பில் எண் இன்னது, எழுதிவிட்டேன்" என்று பதில் சொன்னால்தான் நம்ப வேண்டும்.

இரண்டு பில் பிரச்சினை, அந்தப் பதில் வழியில் தொலைந்ததால் வருவது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று உங்கள் பக்கத்திலிருந்து உறுதியாகத் தெரிந்துகொள்ள எந்த வழியும் கிடையாது. இரண்டு தளபதிகள் புதிர் என்று இதைச் சொல்வார்கள், 1975-லேயே கணினிக்காரர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். அதனால் தெரிந்துகொள்ள முயலாமல், இரண்டு முறை அனுப்பினாலும் கெடுதல் வராதபடி செய்துவிடுங்கள். பில் உருவாகும்போதே கம்ப்யூட்டரில் ஒரு தனித்த அடையாள எண் போடுங்கள், சர்வரில் அந்த நெடுவரிசைக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு வையுங்கள். அதே எண்ணோடு மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே தர வேண்டும். இதற்கு மேல் வேண்டுமென்றால் தனி இழை திறங்கள், வருகிறேன்.

களத்துமேடு · அடுத்த செவ்வாய், இரவு 9:50

ஐந்து நாளாக மில்லில் ஓடுகிறது. எழுதிவிட வேண்டும் என்று வந்தேன்.

கன்வர்ட்டரில் கீப்அலைவை 5 வினாடிக்கு இறக்கினேன், இணைப்பு எண்ணிக்கையை 2 ஆக்கினேன். மறுஇணைப்பு இப்போது 3 வினாடிக்குள் முடிகிறது. கடைசி எடை வந்து 2 வினாடிவரை அடுத்தது வராவிட்டால் எண் மறைந்து ஐந்து கோடுகள் வருகின்றன, அச்சுப் பொத்தான் சாம்பல் நிறமாகி முடங்கிவிடும். கீழே "எடை வரவில்லை, கூண்டைப் பாருங்கள்" என்று ஒரு வரி. திரும்பி வந்ததும் புதிய எடை ஒரு வினாடி அசையாமல் நின்றால்தான் பொத்தான் உயிர்பெறும். ஆபரேட்டர் முதல் நாள் "பொத்தான் வேலை செய்யலையே" என்று போன் செய்தார். கூண்டில் போய்ப் பார்க்கச் சொன்னேன். சீரியல் கேபிளின் திருகு போடவே இல்லையாம், கை பட்டு விலகியிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ.

ஒவ்வொரு அறுப்பையும் நேரத்தோடு கோப்பில் எழுதி வைத்தேன். மாலை 6:05-லிருந்து 6:15-க்குள் தினமும் ஒரு முறை, 8 அல்லது 9 வினாடிக்கு எடை நின்றுபோகிறது. நேற்று நானே போய் 6 மணியிலிருந்து கூண்டில் உட்கார்ந்திருந்தேன். 6:09-க்கு உமி ஏற்றும் பெரிய மோட்டாரை இயக்கினார்கள். கூண்டு விளக்கு ஒரு கணம் மங்கியது, கன்வர்ட்டரின் பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. கூண்டுக்கும் அந்த மோட்டாருக்கும் ஒரே லைன்.

பழையபாலம் · அடுத்த செவ்வாய், இரவு 10:14

இண்டிகேட்டரும் அதே லைனில்தான் இருக்கும். மின்னழுத்தம் விழும்போது கன்வர்ட்டர் அணைகிறதென்றால் இண்டிகேட்டர் தரும் எண்ணையும் அந்த நேரத்தில் நம்ப முடியாது. கூண்டுக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வைக்கச் சொல்லுங்கள், ஸ்விட்ச், கன்வர்ட்டர், இண்டிகேட்டர் மூன்றும் அதில்.

களத்துமேடு · புதன், காலை 6:40

சொல்லிவிட்டேன் அண்ணா. சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். அதுவரை மோட்டாரைப் போடும் நேரத்தில் மேடையில் லாரி ஏற்ற வேண்டாம் என்று கூண்டுக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.